இத்தாவில் சுட்ட பற்றிஸ்

டீச்சர் பின்மதில் கேற்றைத் திறந்துகொண்டு வந்தபோது நான் இத்தாவில் இருந்து மூன்று மாதம் முடிந்திருந்தது. கணவன் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. நகை இல்லை, விசேஷம் இல்லை, விருந்து இல்லை. பதினைந்து வருடம் மதிலுக்கு மறுபக்கம் குடியிருக்கும் டீச்சருக்கு இது எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒரு விருந்துக்குப் பலகாரம் கேட்டு வந்திருந்தார்.

"புள்ள, கோவிக்காமக் கேளுங்க. வாற வியாழக்கிழமை வீட்டில ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கிறம். அவர் எழும்பி நடந்திட்டார்தானே, ஆண்டவருக்கு நன்றி சொல்லோணும். அறுபது பேர் மட்டில வருவாங்க. சோறு கறி இல்ல. நிண்டுகொண்டே கையால எடுத்துத் தின்னுறாப்போல சின்னச் சின்னதா ஏதும் செய்து தருவீங்களா?"

அவர் எழும்பி நடந்துவிட்டார். என்னுடையவர் நடக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

நான் வீட்டில் செய்கிற ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் எல்லாவற்றையும் ஓடர் தந்த வீடுகளுக்குக் கொண்டு போய்க் கொடுப்பது என் கணவரின் வேலை. அன்று வினாயகபுரத்தில் ஒரு வீட்டுக்கு. டீச்சரின் கணவருக்கும் அந்தப் பக்கம் ஏதோ அலுவல் இருந்ததால் அவரும் பின்னால் ஏறி, பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். திருக்கோவில் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மாடு பாய்ந்தது. என் கணவரை ஜனாஸாவாகத்தான் கொண்டு வந்தார்கள். டீச்சரின் கணவர் தொடை எலும்பு முறிந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து, பிறகு வீட்டு முற்றத்தில் ஊன்றுகோல் பிடித்து நடக்கப் பழகினார். அந்த ஊன்றுகோல் சத்தம் என் குசினிக்குக் கேட்கும். டக், டக் என்று ஒவ்வொரு நாள் காலையும். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், அந்தச் சத்தத்தை நான் வெறுத்தேன்.

ஆனாலும் டீச்சருக்கு "ஓம்" என்றேன். ஊரில் சிலர் பிறகு என்னை நல்ல மனசுக்காரி என்றார்கள். எனக்கு நல்ல மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது.

எங்களில் ஒருவர் சக்கராத்தில் கிடந்தால், உயிர் பிரிகிற அந்த நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் காதருகே கலிமாவை, அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை என்ற வாக்கை, மெதுவாகச் சொல்லிக் கொடுப்பார். கடைசியாக நாவில் இருப்பது கலிமாவாக இருந்தால் அதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை. ஜனாஸா வீட்டுக்கு வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முகத்தப் பாத்தாலே தெரியிது, கலிமாவோட போன முகம்" என்றார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நானும் பத்து வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்களில் யார் அந்த ரோட்டில் நின்றார்கள்? பக்கத்தில் கிடந்தவர் ஒரே ஒருவர். அவரோ ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போகிற மனிதர்.

அவரிடம் நேரே கேட்கவும் வழியில்லை. நான் இத்தாவில் இருக்கிறேன், அவர் அந்நிய ஆண். டீச்சர் மூலம் கேட்டுப் பார்த்தேன். "அவர் அதப்பத்தி வாயத் திறக்கிறாரில்ல புள்ள. கேட்டாச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திடுறார்" என்றார் டீச்சர். ராத்தா, அதாவது என் மூத்த சகோதரி, இத்தா முடியும்வரை என்னோடு வந்து தங்கியிருந்தாள். அவளிடம் சொன்னபோது ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டாள். "மௌத்தானவர தோண்டாத. துஆக் கேள்."

ஸ்தோத்திரக் கூட்டம் என்றதும் என் மனம் விழித்துக்கொண்டது அதனால்தான். அவர்களுடைய கூட்டங்களில் பாட்டும் ஜெபமும் முடிந்த பிறகு, நன்மை பெற்றவர் எழும்பி நின்று சாட்சி சொல்வார். நடந்தது என்ன, எப்படித் தப்பினேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மதில் தாழ்ந்தது, எனக்குப் பதினைந்து வருடச் சாட்சிகள் பாடம். தன் பெண்சாதியிடம் சொல்லாததை அந்த மனிதன் தன் ஆண்டவரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த நாள் டீச்சர் போனோடு வந்தார். அமெரிக்காவில் இருக்கிற மகள் படங்கள் அனுப்பியிருந்தாள். அங்கேயும் அந்த வியாழக்கிழமைதான் நன்றி சொல்லும் நாளாம், மகள் வீடியோவில் கூட்டத்தில் சேர்ந்துகொள்வாளாம், அதனால் பலகாரமும் அந்த நாளுக்குத் தக்கதாக இருந்தால் நல்லதாம். படத்தில் பிஸ்கட்டில் செய்த வான்கோழி ஒன்று கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றது. பிறகு விரலளவு பூசணிப் பணியாரம், குச்சியில் குத்திய இறைச்சித் துண்டு, திராட்சைப்பழமும் சீஸும்.

"டீச்சர், வான்கோழிக்கு நான் எங்க போற? அம்பாறைக் கோழிக்குக் கண்ணாடி போட்டு விடட்டா?" என்றேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் வாயில் பகிடி வந்தது. டீச்சர் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரித்ததற்காக என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது, பள்ளிவாசலில் சிரித்துவிட்டவள் போல.

ஒரு கையில் தேத்தண்ணீர் இருக்கும், மற்றக் கையால் எடுக்க வேண்டும். குழம்பு வடியக் கூடாது, இரண்டு வாயில் முடிய வேண்டும். அப்படி யோசித்துத்தான் தீர்மானித்தேன். பூசணிக்காயைத் துருவி வதக்கி, மிளகும் கொஞ்சம் கறுவாப்பட்டைத் தூளும் போட்டு பற்றிஸுக்குள் வைப்பது. கோழியை வழமையின் பாதியளவு ரோல்ஸாகச் சுருட்டுவது. இறால் வடை, ஒரு வடைக்கு ஒரு இறால். மரவள்ளிக் கட்லட், நெல்லிக்காய் அளவில். வட்டிலப்பத்தைத் தட்டில் அவித்து ஆறவிட்டுச் சதுரமாக வெட்டிக் குச்சி குத்துவது. கண்ணாடி போட்ட வான்கோழியை மட்டும் அமெரிக்காவுக்கே விட்டுவிட்டோம்.

வியாழக்கிழமை விடிய சுபஹு தொழுதுவிட்டு மாப் பிசையத் தொடங்கினேன். மாரி மழை விடாமல் ஊற்றியது. ராத்தா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கிழங்கு மசித்தாள். முன்வீட்டு மனிசி ஏற்கெனவே கதையைத் தொடங்கிவிட்டாள் என்றாள் அவள்.

"இத்தாவில இரிக்கிற பொம்புள சந்தோச வீட்டுக்குப் பலகாரம் சுடுறயாம் எண்டு கேக்கா. நான் என்ன சொல்ற?"

"ஊர் வாய மூட உலமூடி இல்ல ராத்தா. கிழங்க மசிங்க."

பற்றிஸின் ஓரத்தை விரலால் மடித்து மடித்து மூடும்போது கை தானாக ஓடும், மனம் வேறெங்கோ போய்விடும். நான் மடித்துக்கொண்டே அவருடைய சாட்சியை எனக்குள் எழுதிப் பார்த்தேன். 'என் பக்கத்தில் கிடந்தவர் ஏதோ அரபில் முணுமுணுத்தார்' என்று சொல்வார். 'எனக்கு விளங்கவில்லை, ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னார்' என்பார். அது போதும் எனக்கு. எண்ணூறு விரல் மடிப்புக்கும் அந்த ஒரு வசனம்தான் கூலி என்று நினைத்தேன். ஒரு பற்றிஸ் எண்ணெயில் வாய் பிளந்தது. அதை எடுத்துத் தனியே வைத்தேன்.

நாலு மணிக்கு ராத்தா தட்டுகளை ஒவ்வொன்றாகக் கேற்றால் கொடுத்தாள். நான் குசினிப் பின்கதவின் உள்ளே, மதிலுக்கு நாலைந்து அடி தள்ளி, ஒரு பலகையில் இருந்தேன். மழை குறைந்து தூறலாகியிருந்தது. அந்தப் பக்கம் தகரப் பந்தல், ஒரு சின்ன ஸ்பீக்கர், பிளாஸ்டிக் கதிரைகள் இழுபடும் சத்தம். பாட்டுப் பாடினார்கள். சேர்ச்சுப் போதகர் ஐயர் ஜெபம் பண்ணினார். மகள் அமெரிக்காவில் இருந்து அழுதது போனுக்குள்ளால் கேட்டது. பிறகு டக், டக் என்று அந்த ஊன்றுகோல் மைக்குக்குக் கிட்ட வந்தது.

அவர் நல்ல தமிழில் தொடங்கினார். சேர்ச்சில் கதைக்கிறவர்களுக்கு ஒரு தமிழ் இருக்கிறது. கர்த்தர் என்னைக் குழியிலிருந்து தூக்கியெடுத்தார், என் கால்களைக் கன்மலையின்மேல் நிறுத்தினார் என்று ஒழுங்காகத்தான் போனது. மாடு குறுக்கே வந்ததைச் சொன்னார். தூக்கி எறியப்பட்டதைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் தமிழ் அவரை விட்டுப் போய்விட்டது.

"பக்கத்தில என்ட கூட்டாளி கிடந்தார். அவருக்கு நினைவு இருந்திச்சு. கடைசியா என்னட்ட ஒண்டு கேட்டார். அத..." ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் கேட்டது. "அத நான் இஞ்ச சொல்ல மாட்டன். ஆண்டவர் என்ன மன்னிக்கோணும்."

உடனே யாரோ ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். எல்லாரும் சேர்ந்து உரக்கப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் கோப்பைச் சத்தமும், "பூசினிக்காயா இது? நல்லாயிருக்கே" என்ற பேச்சும். என் பலகாரத்தை அறுபது பேர் ரசித்துத் தின்னுவது எனக்கு நெருப்பாக இருந்தது. கேட்டார் என்றால் என்ன கேட்டார்? கலிமா ஒரு கேள்வி இல்லையே. தண்ணீர் கேட்டாரா? என்னைக் கேட்டாரா?

ராத்தா என் தோளைப் பிடித்தாள். "விடு. ஓதிக்கொண்டிருந்திருப்பார், இவருக்கு விளங்கியிராது."

சனம் கலைந்து, வெறும் தட்டுகளோடு டீச்சர் கேற்றடிக்கு வந்தபோது நான் எழும்பி அவரிடமே போய்விட்டேன். "அண்ணன இஞ்சால வரச் சொல்லுங்க டீச்சர். கேற்றச் சாத்துங்க. அவர் அந்தப் பக்கம் நிக்கட்டும், நான் இந்தப் பக்கம் நிக்கன்."

"இத்தாவில இரிந்துகொண்டு என்ன வேல இது!" என்று ராத்தா கத்தினாள். டீச்சர் என்னைப் பார்த்தார், கேற்றைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் ஈரமண்ணில் ஊன்றுகோல் வந்து நின்றது.

"அண்ணன்," என்றேன். "அவர் கலிமா சொன்னவரா?"

"தங்கச்சி, அத விடுங்க."

"சொன்னவரா, இல்லையா?"

"உங்கட கலிமா எனக்குத் தெரியாது தங்கச்சி. தெரிஞ்சிருந்தாக் காதுக்குள்ள சொல்லியிருப்பன். 'அல்லாவ நினைங்க' எண்டு மட்டும் சொன்னன். ரெண்டு மூணுதரம் சொன்னன். அவர் பெட்டியத்தான் கேட்டார். 'ரோல்ஸ் நசுங்கிட்டா, பாருங்க' எண்டார்."

இதை நான் இதுவரை ராத்தாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்று புறப்படும்போது நான் அவரைக் கேற்றடியில் வைத்து ஏசினேன். அதற்கு முந்திய கிழமை ஒரு வீட்டுக்கு ரோல்ஸ் சப்பளிந்து போய், அவர்கள் போனில் என்னைக் குறை சொல்லியிருந்தார்கள். எனக்கு எப்போதும் வாய் நீளம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, கலியாணத்தோடு உம்மா வாப்பா மகளுக்கு எழுதிக் கொடுப்பது. மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர். சண்டையில் எந்தப் பெண்ணும் சொல்லக் கூடாத ஒரு வார்த்தை இருக்கிறது, சொன்னால் அந்த மனிதனுக்குப் போக்கிடம் இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டீச்சரின் கணவர் பார்த்திருக்க, அதைத்தான் நான் சொன்னேன். "இண்டைக்கு ஒண்டு நசுங்கினாலும் என்ட வீட்டுப் படி ஏறாதீங்க." அவர் ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு, மாட்டுவண்டி போல மெதுவாக, பள்ளம் பார்த்துப் போனார்.

மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, ஆனால் அது அவருக்காக வந்ததா என் வாய்க்காக வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணன்?"

"எல்லாம் ரோட்டில கொட்டிக் கிடந்திச்சு தங்கச்சி. மாடு மிதிச்சு... நானும் அண்டைக்குக் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான். அதால பொய் சொன்னன். 'ஒண்டும் நசுங்கல்ல, அப்பிடியே இருக்கு' எண்டன்."

"அதுக்கு?"

"'அப்ப வீட்ட போவம்' எண்டார். பிறகு கதைக்கல்ல."