எனக்கு முன்னால் வந்தவள்

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பகலில் நடந்தது. அப்போது எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. பயந்த சுபாவமும் கிடையாது. பல வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். ரத்தமும் அலறலும் எனக்குப் பழகியவை. மற்றவர்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மீதி எல்லாம் நடந்தது நடந்தபடி.

என் பெயர் லீலா. கொடைக்கானலில், அட்டுவம்பட்டியில் இருக்கிறேன். நர்ஸ் வேலையை விட்ட பிறகு டூலாவாக இருக்கிறேன். டூலா என்றால் பிரசவத்துக்குக் கூட இருக்கும் துணை. மருந்து கொடுப்பதோ பிரசவம் பார்ப்பதோ என் வேலை இல்லை, அதற்கு டாக்டர் இருக்கிறார். வலி ஆரம்பித்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை அந்தப் பெண்ணை விட்டு நகராமல் இருப்பதுதான் என் வேலை. கையைப் பிடித்துக்கொள்வேன். மூச்சு விடச் சொல்லித் தருவேன். இடுப்பை அழுத்திவிடுவேன்.

தேவசேனா என்னைத் தேடி வந்தது அவளுடைய ஐந்தாவது மாதத்தில். அவள் கணவர் செந்தில்வேலுக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. மலையில், பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் போகும் ரோட்டில், காப்பித் தோட்டமும் சின்ன வீடும் இருந்தன. தேவசேனாவும் மாமியார் கந்தம்மாளும் அங்கேதான் இருந்தார்கள்.

"இதுக்கு முந்தி ஒண்ணு ஏழாம் மாசத்துல போயிருச்சுக்கா," என்றாள் தேவசேனா. "அன்னைக்கு வீட்டுல யாரும் இல்ல. நான் மட்டும் தரையில கெடந்தேன். இந்தத் தடவ யாராச்சும் என் பின்னாடி இருந்தாப் போதும்."

"நான் இருக்கேன்," என்றேன்.

அதன் பிறகு மாதம் இரண்டு முறை போய் வந்தேன். வலி வரும்போது எப்படி முட்டி போட்டுக் கட்டிலில் சாய்ந்துகொள்வது, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வது, பின்னால் இருந்து நான் எப்படி இரண்டு கையாலும் இடுப்பை அழுத்துவேன் என்று பழக்கினேன். கந்தம்மாளுக்கு முதலில் பிடிக்கவில்லை. "கூட இருக்கறதுக்கும் ஒரு ஆளா?" என்று கேட்டார். போகப்போக எனக்காகவே சுக்குக் காப்பி போட்டு வைத்தார்.

பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பே ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்குவதாகத்தான் திட்டம். ஆனால் வலி அதற்கு முன்பே வந்துவிட்டது.

போன ஐப்பசி. வெள்ளிக்கிழமை. இரண்டு நாளாக விடாத மழை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, அன்று தோட்டத்து வீட்டில் இருந்த செந்தில்வேல் போன் செய்தார்.

"அக்கா, அவளுக்கு வலி கண்டுருச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. வழியில மரம் விழுந்து கெடக்காம், நேரமாகும்ங்கறாங்க. நீங்க வெரசா வாங்க."

காய்கறி ஏற்றும் ஜீப் வைத்திருக்கும் குத்தூஸ் பாயைக் கூப்பிட்டேன். உடனே வந்துவிட்டார். கொடைக்கானல் ஊரைத் தாண்டியதும் பனி. பெருமாள்மலையில் திரும்பி அடுக்கம் ரோட்டில் இறங்கியதும் முன்னால் போகும் ரோடே தெரியவில்லை. ஹெட்லைட் போட்டும் வெள்ளைச் சுவர்தான்.

கொஞ்ச தூரத்தில் ஜீப் நின்றது. ரோட்டின் குறுக்கே பெரிய மரம். நாலைந்து பேர் அரிவாளோடு கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய ரம்பம் வரவேண்டும் என்றார்கள்.

"நான் நடந்துடறேன் பாய். வழி விட்டதும் வந்துருங்க."

"இந்தப் பனியிலயா சிஸ்டர்?"

"ரெண்டு கிலோமீட்டர்தான்."

பையைத் தோளில் மாட்டி, மரத்தைத் தாண்டி இறங்கினேன். குடை வைத்தும் பிரயோஜனம் இல்லை. மழை எல்லாப் பக்கமும் இருந்து வந்தது. நடந்தேன் என்பதைவிட ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். போனில் சிக்னல் இல்லை. புருஷனும் மாமியாரும் வீட்டில் இருந்தாலும், தேவசேனாவுக்குப் பின்னால் நான் இல்லையே என்ற நினைப்பு விடவில்லை. இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பனிக்குள் யாரோ நிற்பது தெரிந்தது. செந்தில்வேல். சிக்னலுக்காக ரோட்டுக்கு ஏறி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அக்கா... நீங்க எப்ப மேல வந்தீங்க?"

"இப்பத்தான் வர்றேன் தம்பி. மரம் விழுந்த இடத்துலருந்து நடந்து."

அவர் என்னையே பார்த்தார்.

"நீங்க வந்து ரொம்ப நேரமாச்சுன்னு அம்மா சொன்னாங்களே. பின்கதவு வழியா வந்துட்டீங்க, நீ போயி வண்டியப் பாருன்னு என்னைய அனுப்பிச்சாங்க."

"பின்கதவு வழியாவா?"

அந்த வீட்டுக்குப் பின்னால் வழி கிடையாது. காப்பிச் செடிகள். அதற்கப்புறம் பள்ளம்.

தோட்டத்துப் படிகளில் இறங்கி ஓடினோம்.

வீட்டில் கரண்ட் இல்லை. மணி மூன்றுகூட ஆகவில்லை, உள்ளே அந்தி போல இருட்டு. கந்தம்மாள் அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தார்.

"நீங்க... உள்ள இருந்தீங்களே?"

"உள்ள யாரும்மா இருக்கா?"

"நீங்கதான். காப்பி வேணுமான்னு கதவுக்கிட்ட நின்னு கேட்டேன். வேணாம்னீங்க."

"பாத்தீங்களா?"

அவர் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தார்.

"குரல் கேட்டுச்சு..."

கதவுக்குப் பக்கத்தில் போனேன். உள்ளே தேவசேனா முனகும் சத்தம். அவளுக்கு வலி ஏறிக்கொண்டிருந்தது. அந்த முனகலுக்கு அடியில் இன்னொரு சத்தம்.

ம்ம்ம்... ம்ம்ம்... ம்ம்ம்...

வலி ஏறும்போது மூச்சை இழுத்துவிட அப்படித்தான் நான் ராகம் போல முனகிக் காட்டுவேன். வேறு யாரும் செய்து நான் கேட்டதில்லை. அது என் குரல்தான்.

கதவைத் தள்ளினேன்.

சத்தம் நின்றது.

அறையில் தேவசேனா மட்டும்தான் இருந்தாள். முட்டி போட்டு, கட்டிலில் சாய்ந்து, முகத்தைத் தலையணையில் புதைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஜன்னல் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. வேறு கதவு கிடையாது.

ஆனால்... அவள் நைட்டியின் இடுப்புப் பக்கத்தில் துணி அழுந்தியிருந்தது.

இரண்டு இடத்தில்.

உள்ளங்கை அளவுக்கு.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளங்கள் மெல்ல, மெல்ல எழும்பின. கையை எடுத்தால் துணி எப்படி எழும்புமோ, அப்படி.

"கைய எடுக்காதீங்கக்கா," என்றாள் தேவசேனா. முகத்தைத் திருப்பவில்லை.

என்ன செய்வேன்? அவளுக்கு வலி உச்சத்தில் இருந்தது. போய்ப் பின்னால் உட்கார்ந்து, அதே இடத்தில் என் கைகளை வைத்தேன். துணி நனைந்திருந்தது. ஐஸ் போல இருந்தது.

தேவசேனா சிலிர்த்தாள்.

"என்னக்கா... கை திடீர்னு சூடாயிருச்சு?"

அந்த வலி இறங்கும் வரை கையை எடுக்காமல் இருந்தேன். இறங்கியதும் தரையைப் பார்த்தேன். தண்ணீர். பனிக்குடம் உடைந்திருந்தது. அந்தத் தண்ணீரில் பச்சை கலந்திருந்தது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் பச்சையாக இருந்தால் குழந்தைக்கு உள்ளே கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்கக் கூடாது.

"இது எப்பம்மா உடைஞ்சது?"

"அப்பவே சொன்னேனேக்கா. நீங்கதான் பரவால்ல, எங்கயும் போகாத, இங்கயே இருன்னீங்க."

"நான் சொல்லல தேவசேனா."

"சொன்னீங்க. திரும்பத் திரும்பச் சொன்னீங்க. போகாத, போகாதன்னு."

அவளை எழுப்பப் பார்த்தேன். வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். அப்படி ஒரு பிடி. செந்தில்வேலும் நானும் சேர்ந்துதான் விரல் விரலாகப் பிரித்தோம். சரியாக அந்த நேரம் மேலே ரோட்டில் ஹாரன் கேட்டது. குத்தூஸ் பாய். மரத்தை வெட்டி வழி விட்டிருந்தார்கள்.

படிகளில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். முன் சீட்டில் கந்தம்மாள். பின்னால் செந்தில்வேல், தேவசேனா, நான். அவள் புருஷன் மடியில் சாய்ந்திருக்க, நான் பின்னால் இருந்து அவள் இடுப்பைப் பிடித்திருந்தேன்.

ஜீப் கிளம்பியது. பனி இன்னும் அடர்த்தியாகியிருந்தது. குத்தூஸ் பாய் தலையை வெளியே நீட்டி ரோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். மண் சரிந்திருந்த ஒரு வளைவில் ஜீப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. நான் விழாமல் இருக்கக் கம்பியைப் பிடித்தேன். இரண்டு கையாலும்.

"ஆங்... அங்கதான்க்கா," என்றாள் தேவசேனா. "அப்படியே அழுத்துங்க."

என் இரண்டு கையும் கம்பியில் இருந்தன.

செந்தில்வேல் என் கைகளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. முருகா, முருகா...

"தேவசேனா," என்றேன். "திரும்பி என்னைப் பாரு."

"முடியல..."

"பாரு. என் முகத்தைப் பாரு."

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள்.

அவள் கண் விரிந்தது.

எட்டி என் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

குத்தூஸ் பாய் கண்ணாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

சட்டென்று கையை நீட்டி அதைத் திருப்பி வைத்தார்.

வாய்க்குள் ஓத ஆரம்பித்தார்.

கழுத்துக்குப் பின்னால் குளிர்...

மூச்சு போல...

நான் திரும்பவில்லை.

பெருமாள்மலை கடைவீதியில் ஏறியதும் வெளிச்சம் வந்தது. டீக்கடையும், நின்றுகொண்டிருந்த பஸ்ஸும், குடை பிடித்த மனிதர்களும் தெரிந்தார்கள். குளிர் விட்டது. ஜீப்பே லேசானது போல் இருந்தது. இதைத்தான் பாய் பிற்பாடு என்னிடம் சொன்னார். "அந்த மேட்டுல வண்டி இழுக்கவே இல்ல சிஸ்டர். கடைவீதி வந்ததும் தானா இழுத்துச்சு." கண்ணாடியில் என்ன பார்த்தார் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அதை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. முதலில் அழவில்லை. வராந்தாவில் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். டாக்டர்கள் என்னென்னவோ செய்து... கடைசியில் அழுதது. கந்தம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷத்தில் எந்தப் பிரசவத்துக்கும் நான் அழுததில்லை.

அதன் பிறகு அவர்கள் அந்தத் தோட்டத்து வீட்டுக்குப் போகவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பழனிக்கு இறங்கிவிட்டார்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. அவர்களுக்கு முன் அந்த வீட்டில் யார் இருந்தார்கள், ஏதாவது நடந்திருக்கிறதா என்று அடுக்கம் பக்கம் விசாரித்துப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. செந்தில்வேல் கட்டிய புது வீடு அது.

குழந்தைக்குத் தொட்டில் போட்டபோது பழனிக்குப் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு தேவசேனா என்னைத் தனியாகக் கூட்டிப் போனாள்.

"அக்கா, அன்னைக்கு அது வேற ஒண்ணும் கேட்டுச்சு. நான் இவருகிட்டகூடச் சொல்லல."

"என்ன கேட்டுச்சு?"

"வலி வரும்போதெல்லாம் காதுகிட்ட வந்து... பொறந்ததும் எனக்குத் தந்துருவியான்னு. மாட்டேன் மாட்டேன்னுதான் சொன்னேன். நீங்க விளையாட்டுக்குக் கேக்கறீங்கன்னு நெனச்சேன். கடைசியில ஒரு வலி வந்துச்சு பாருங்க. செத்துருவேன்னு இருந்துச்சு. அப்பவும் கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

அவள் தொட்டில் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சரின்னுட்டேன்க்கா. வலி அப்பவே இறங்கிருச்சு."

வலியில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது, பிரசவ வலியில் பெண்கள் என்னென்னவோ சொல்வார்கள் என்று அவளைத் தேற்றிவிட்டு வந்தேன். எனக்கே நான் சொல்லிக்கொண்டதும் அதுதான். குழந்தை நன்றாக இருந்தது. கொழுகொழுவென்று, பார்க்கிறவர்கள் கை நீட்டும்படி.

நான் இன்னும் இந்த வேலையில்தான் இருக்கிறேன். ஒரே ஒரு மாற்றம். இப்போதெல்லாம் எந்தப் பெண்ணுக்கும் பின்னால் போய் நிற்பதில்லை. முகத்துக்கு நேராக உட்காருகிறேன். ஏன் என்று யாராவது கேட்டால் அதுதான் என் பழக்கம் என்கிறேன்.

போன வாரம் தேவசேனா போன் செய்தாள். சாதாரணமாகத்தான் பேச ஆரம்பித்தாள். கடை, மழை, மாமியாரின் முட்டி வலி. குழந்தை என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"பேச ஆரம்பிச்சுட்டாக்கா. அம்மாங்கறா."

"அதுக்குள்ளயா? நல்லதுதானே. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

போனில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"என்னப் பாத்துச் சொல்லலக்கா," என்றாள் தேவசேனா. "நான் தூக்கி வச்சிருக்கும்போது, என் தோளுக்குப் பின்னாடி பாத்துச் சொல்றா."