ஏகாதசிக்கு முன் டாக்டர் கேட்ட கேள்வி

வெகுதானிய வருஷம் ஐப்பசி மாதம் என் அகத்துக்காரர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ளப் பார்த்தார். எப்படி என்று எழுதப்போவதில்லை. அது யாருக்கும் உபயோகப்படாது. வழியில் போனவர்கள் காப்பாற்றி அகத்தில் கொண்டுவந்து விட்டார்கள். மயக்கம் வந்து விழுந்துவிட்டார் என்று வீதி முழுக்கச் சொன்னோம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் ஒன்று. மானம் போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிது. சன்னிதியில் சேர்ந்து பாசுரம் சேவிக்கும் நம் கோஷ்டிப் பெண்களே, ஆறு வருஷம் கழித்து அந்தப் பொய்யை அடியாளாகிய நான் இன்று வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவர் திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் சம்ஸ்கிருத வாத்தியார். பரம சாது. அந்த ஐப்பசிக்கு மூன்று மாதம் முன்பே அவருக்குத் தூக்கம் போயிற்று. சாதத்தைப் பிசைந்தபடியே கை நின்றுவிடும். தாம் மகாபாவி, தம் நிழல்கூட யார்மேலும் படக்கூடாது என்று சொல்லி, சன்னிதிக்குப் போவதையே நிறுத்தினார். நான் என்ன செய்தேன்? திருஷ்டி சுற்றிப் போட்டேன். மிளகு ரசம் வைத்தேன். சண்டையும் போட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவரைத் தூக்கிவந்த மறுநாள் தாயார் சன்னிதியில் போய் விழுந்தேன். "இவரை எனக்குக் கொடு, வேறொன்றும் கேட்கமாட்டேன்" என்று வேண்டிக்கொண்டேன். அன்று முதல் தினமும் அதே வேண்டுதல்தான்.

கார்த்திகை பாதியில் அவர் திடீரென்று தெளிந்தார். வேளைக்குச் சாப்பிட்டார். என்னிடம் கோபமே இல்லாமல் பேசினார். தம் புத்தகங்களையெல்லாம் கூட வேலை பார்க்கும் பண்டிதருக்குக் கொடுத்துவிட்டார். குடையை, கடிகாரத்தை, ஒரே ஒரு நல்ல சால்வையைக்கூட யார் யாருக்கோ கொடுத்தார். வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று என்னை உட்காரவைத்துக் காட்டினார். மார்கழி பிறந்து, ஏகாதசிக்கு முந்தைய பத்து நாள் உற்சவமான பகல்பத்து ஆரம்பித்ததும், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னும் பத்து நாள்தான், வேதம்" என்றார். மறுநாள் ஒன்பது. அதற்கு மறுநாள் எட்டு.

ஸ்ரீரங்கத்தில் யார்தான் வைகுண்ட ஏகாதசிக்கு நாள் எண்ணுவதில்லை? அன்று பரமபத வாசல் திறக்கும். அன்று உயிர் பிரிந்தால் நேரே வைகுண்டம் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அவருடைய அண்ணா பூரித்துப்போனார். "தம்பிக்குப் பெருமாள் வைராக்கியத்தைக் கொடுத்துட்டார். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?" என்றார். என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று நானும் தாயாருக்கு அக்காரவடிசல் சமர்ப்பித்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏகாதசிக்கு நாலு நாள் இருந்தது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டுமானால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்று ஸ்கூலிலிருந்து கடிதம் வந்தது. அவருக்கு அதில் அக்கறையே இல்லை. நான்தான் அவரைப் பிடுங்கி எடுத்து ஜட்காவில் ஏற்றினேன். காவேரிப் பாலம் தாண்டும்வரை ஒரே பிரார்த்தனை. "ரங்கநாதா, டாக்டர் ஒன்றும் கிளறாமல் கையெழுத்துப் போடவேண்டும்."

அந்த டாக்டர் வயதான கிறிஸ்தவர். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பேனாவைக் கையில் எடுத்தவர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தார். "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்று கேட்டார். மூன்று மணிக்கு என்றார் இவர். "யாரும் இல்லாதப்போ குரல் ஏதாவது கேக்குதுங்களா?"

"பெருமாள் கூப்பிடறார். வா, வாங்கறார்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பக்தியில். டாக்டர் அசையவில்லை. "உயிரை விட்டுடணும்னு முன்னே முயற்சி பண்ணினீங்களா? இப்பவும் அந்த எண்ணம் இருக்குதா?"

என்னால் பொறுக்க முடியவில்லை. விளக்கு வைத்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது என்று வளர்ந்தவள் நான். "நல்ல நாளும் அதுவுமா என்ன கேள்வி கேக்கறேள்? இல்லாத நினைப்பை நீங்களே கிளப்பிவிடுவேள் போலிருக்கே!" என்று சத்தம் போட்டேன்.

"கேக்கறதால வராதும்மா. இருந்தா வெளியே வரும், அவ்வளவுதான்" என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "எப்போன்னு ஏதாவது முடிவு பண்ணியிருக்கீங்களா?" என்றார்.

"ஏகாதசி அன்னிக்கு" என்றார் என் அகத்துக்காரர், ரயில் எப்போது என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல.

பத்து, ஒன்பது, எட்டு. என்னை வைத்துக்கொண்டே எண்ணியிருக்கிறார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சர்டிபிகேட் கிடைக்கவில்லை. அன்றே அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது என்றார் டாக்டர். முயற்சி செய்து பிழைத்தவர் திடீரென்று சாந்தமாகி, இருப்பதையெல்லாம் கொடுக்க ஆரம்பித்தால் சந்தோஷப்படக்கூடாதாம், இன்னும் உஷாராக இருக்கவேண்டுமாம். அண்ணா வந்து குதித்தார். "ஏகாதசியும் அதுவுமா ஆஸ்பத்திரி வாசமா?" என்றார். "உங்க தம்பி இருந்தா அடுத்த ஏகாதசிக்கு வருவார்" என்று அனுப்பிவிட்டேன்.

பிறந்ததிலிருந்து நான் சேவிக்காத பரமபத வாசல் அந்த ஒரு வருஷத்ததுதான். அன்று விடியற்காலை கட்டிலருகே அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். "கூப்பிடறார் வேதம், விடு" என்று அழுதார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, சொன்னேன். "யுகயுகமா சாவகாசமாப் படுத்துண்டிருக்கறவர் அவர். உங்களை மட்டும் இப்படியா விரட்டுவார்? இது அவர் குரலே இல்லை."

என்னை நிமிர்ந்து பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. மருந்து கொடுத்தார்கள், தூங்கினார். பொழுது விடிந்தது, ஏகாதசி கழிந்தது.

ஒரே நாளில் குணமாகிவிடவில்லை. குரல் அடங்க மாசி ஆயிற்று. மறு வருஷம் திரும்ப வந்தது. திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் நானே கேட்டுவிடுவேன், "இன்னிக்கு அந்த நினைப்பு இருக்கா?" என்று. முதல் நாள் நாக்கு எழவில்லை. பிறகு பழகிவிட்டது. இருக்கிறது என்று அவர் சொன்ன நாட்களில் நான் அகத்தைவிட்டு நகரவில்லை. இல்லை என்ற நாட்கள் மெதுவாக அதிகமாயின. இப்போது மூன்று வருஷமாக வேலைக்குப் போய்வருகிறார்.

டாக்டர் ஒன்றும் கேட்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டதைப் பெருமாள் தள்ளிவிட்டார். இவரைக் கொடு என்று கேட்டதை ஏற்றுக்கொண்டார். என் இரண்டு வேண்டுதலில் எது அசல் என்று எனக்கே தெரியாதபோது அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் அகத்தில் யாராவது இப்படி இருந்தால் தாயாரிடம் போய் அழுங்கள். நிச்சயம் கேட்பாள். அழுதுவிட்டு எழுந்துவந்து, வார்த்தைக்குப் பயப்படாமல், அவர்களிடமே கேளுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

போன தையில் ஒரு நாள் வழக்கம்போல் கேட்டேன். "இல்லை" என்றவர், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு எப்பவாவது தோணித்தா வேதம்?" என்றார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. "தோணித்து. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ, ரெண்டு நாள்" என்றேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், அன்று ஸ்கூலுக்குப் போகவில்லை.