ஸ்டெல்லா அக்கா வராத தீவுகள்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

உங்களில் பலருக்கு ஒரு கிழமைக்கு முன்பே தெரியும். எனக்கு முந்தாநாள் மொன்றியலில், டோர்வல் ஏர்போர்ட்டில் வந்து இறங்கிப் போனைத் திறந்த பிறகுதான் தெரியும்...

முதலில் அந்தப் படம். மார்ட்டினிக் தீவில், கடலில் காலை விட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, "வாறன் வாறன் எண்டு பேய்க்காட்டின ஆள்" என்று அக்காவை டேக் பண்ணிப் போட்டேனே, அது. அக்காவின் உடலைச் சேர்ச்சில் வைத்திருந்த நாளாம் அன்று.

"உனக்கு இதயமே இல்லையா" என்று கீழே எழுதியவர்களோடு எனக்குக் கோபமில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பலாம். தப்ப மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு... நாங்கள் இரண்டு பேரும் ஒரு விமானக் கம்பனியில், தொலைந்த பெட்டிகளின் கவுண்டரில் வேலை. வருகிற சனம் முழுக்கக் கோபத்தோடுதான் வரும்.

ஒருவர் வந்து பிரெஞ்சில் கிழி கிழி என்று கிழிப்பார். அக்கா "உய் மெசியூ, உய் மெசியூ" என்று தலையாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "காணி உறுதியைப் பெட்டிக்குள்ள வச்சிருந்தவர் போல" என்பார். முகத்தில் ஒரு துளி சிரிப்பு இராது. நான்தான் மேசைக்குக் கீழே குனிந்து இல்லாத பேனாவைத் தேடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் முதல் தரமாகச் சேர்ந்து கரீபியன் கடலில் இருக்கிற குவாதலூப் தீவுக்குப் போனோம். அறுபதை எட்டப்போகிற மன்னார்க்காரி, முதுகில் தன்னைவிடப் பெரிய பை. அதற்குள் நெத்தலிக் கருவாடு.

"அக்கா, தீவுக்குப் போறம். அங்க மீன் இல்லாமலா?"

"மீன் இருக்கும். கருவாடு இருக்குமோ?"

அங்கே சந்தையில் ஒரு மஞ்சள் தூளைக் குவித்து வைத்து 'கொலம்போ' என்று விற்றார்கள். அவர்களுடைய கறித்தூளுக்கு அதுதான் பெயராம். அக்கா நாக்கில் கொஞ்சம் வைத்துப் பார்த்துவிட்டு, தன் மொன்றியல் பிரெஞ்சில் கடைக்காரிக்கு ஒரே விளக்கம்... மிளகாய் எங்கே, ஏன் வறுக்கவில்லை என்று. அவளும் விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். நான் வெயிலில் நின்று காய்ந்தேன்.

அந்தப் பயணம் முழுக்க அப்படித்தான். படகில் பக்கத்து ஆளோடு கதை, பஸ்ஸில் கதை. எனக்கோ "சாப்பிட்டியா, தொப்பி எங்க, கிறீம் பூசினியா..."

சரி, இந்த முறைக்கு வருகிறேன்.

மறுபடி குவாதலூப்பில் இறங்கி, அங்கிருந்து படகில் தீவு தீவாகப் போகிற திட்டம். கம்பனி ஆட்கள் என்பதால் எங்களுக்கு ஸ்டாண்ட்பை டிக்கெட். விலை மலிவு, ஆனால் சீட் மிஞ்சினால்தான் ஏறலாம். அன்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. சர்வீஸ் கூடின ஆளுக்குத்தான் முதல் இடம் என்பதால் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"நீ ஏறு. நான் நாளைக்கு வாறன்."

"இல்லையக்கா, நீங்க போங்கோ."

"எனக்குக் கொஞ்ச நேரம் இருக்கவேணும் போல கிடக்கு. போடி."

கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார். முகம் வியர்த்திருந்தது. குளிர் ஜக்கெட்டோடு இருக்கிறார், அதுதான் என்று நினைத்தேன். நினைத்தேனோ, அப்படி நினைக்கத்தான் விருப்பமாக இருந்ததோ... கதவு மூட முன் ஓடிவிட்டேன்.

அடுத்த நாள் மெசேஜ். "சீட் இல்லையடி. அடுத்த தீவில சந்திப்பம்." நான் படகேறி டொமினிக்காவுக்குப் போனேன். "இண்டைக்கும் ஃபுல்" என்று வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதியிருக்கிறார்.

எந்த விமானத்தில் எத்தனை சீட் காலி என்று கம்பனி ஆட்கள் போனிலேயே பார்க்கலாம். அரை நிமிஷ வேலை. நான் பார்க்கவே இல்லை.

ஏனென்றால் அக்கா வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது. விரும்பின நேரம் எழும்பி, விரும்பின படகில் ஏறி, ஒருவரோடும் கதைக்காமல்... "ஐயோ அக்கா, நீங்க இல்லாம போர்" என்று பதில் எழுதிவிட்டு, நாளைக்கும் சீட் கிடைக்கக்கூடாது என்று மனதுக்குள் நினைத்தேன்.

பிறகு மெசேஜ் நின்றுவிட்டது. கோபம் போல என்று விட்டுவிட்டேன். அந்தக் கோபத்தை ஆற்றத்தான் மார்ட்டினிக் படம். அதைப் போட்டுவிட்டுப் போனை மூடிப் பைக்குள் வைத்தவள், ஊர் திரும்பும்வரை திறக்கவில்லை.

நேற்று இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் அக்காவின் தங்கச்சி றோசி அக்கா வீட்டுக்குப் போனேன். ஹார்ட். ஏர்போர்ட்டில் இருந்து வீட்டுக்கு வந்த கையோடு ஆம்புலன்ஸாம்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே..." என்றேன்.

"அவதான் சொல்ல வேண்டாம் எண்டவ. பிள்ளை ஆசைப்பட்டு லீவு எடுத்துப் போனவள், கேள்விப்பட்டால் திரும்பி வந்திடுவாள் எண்டு. பேந்து எங்களுக்கும் பயம். தனிய நிக்கிற பிள்ளைக்குப் போனில என்னெண்டு சொல்லுறது?"

குறை ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் எழும்பும்போதுதான் சொன்னார்.

"உன்ர போட்டோ வந்தால் நர்ஸ்மாருக்கெல்லாம் காட்டுவா. கடைசி ரெண்டு நாளும் ஒண்டும் வரேல்லை. அங்க இன்டர்நெட் இல்லைப் போல எண்டு சொல்லிச் சொல்லி, போனையே பாத்துக்கொண்டு கிடந்தவ."

"ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்டர்நெட் இருந்தது அக்கா. நல்லா இருந்தது. போட்டோ அனுப்பினால் கேள்வி மேல கேள்வி கேப்பீங்கள் எண்டுதான்... அனுப்பேல்லை.

போயிட்டு வாங்கோ அக்கா.