கிட்டாரின் கழுத்தில் குங்குமம்

சரஸ்வதி பூஜைக்கு எதைக் கும்பிட வைப்பது என்பதில் எங்கள் அம்மாவுக்கு ஒரு வரைமுறையே கிடையாது. என் கணக்குப் புத்தகம், தையல் கத்தரி, அப்பா பட்டறையில் அளக்கிற வெர்னியர், மிக்ஸி ஜார் எல்லாம் மணைப்பலகையில் ஏறும். அந்த வருடம் சித்தியின் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஏறியது. பால் வெள்ளை நிறம், பழையது, யாரிடமோ வாங்கியது.

சித்தி அம்மாவின் தங்கை. ஊரின் மறுகோடியில் இருக்கும் பாணேரில் வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து வந்தவள், இந்தக் கோடியில் விஷ்ராந்த்வாடியில் எங்களோடு இருந்தாள். என் அறையில்தான் அவளுக்கும் கட்டில். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தால் எலெக்ட்ரிக் கிட்டார் கொசு பாடுவது போலத்தான் கேட்கும். அந்தக் கொசுப்பாட்டு இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் தசரா முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாணேருக்கே குடிபோவதாக இருந்தது. கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் அங்கே ஃபிளாட் பிடித்திருந்தார்கள். ஒருத்தி பாடுவாள், ஒருத்தி டிரம்ஸ். மூவரும் சேர்ந்து வாசிக்கப் போகிறார்களாம். அப்பா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு எழுந்தால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

புத்தகத்துக்கு அட்டையில் பொட்டு, கத்தரிக்குப் பிடியில் பொட்டு. கிட்டாருக்கு எங்கே வைப்பது என்று அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, நீண்ட கழுத்து வந்து உடம்போடு சேருகிற இடத்தில் சந்தனத்தை அப்பி, குங்குமத்தைத் தாராளமாக வைத்து, பன்னீரும் தெளித்தாள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு வைத்திருக்க மாட்டாள்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து ஒரு வரியாவது படிக்க வேண்டும், வாசிக்க வேண்டும். சித்தி ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தாள். பொட்டு போய்விட்டது. ஆனால் கழுத்து சேருகிற இடத்தைச் சுற்றித் தலைமுடி போல மெல்லிய சிவப்புக் கோடுகள் அப்படியே நின்றன.

அம்மா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா பதறவில்லை. அவருக்கு அது பழகிய காட்சி. கசார்வாடியில் வார்ப்பு இரும்புச் சாமான் செய்யும் பட்டறை ஒன்றில் அவர் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தார். சாமானின் மேல் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் சாயம் அதற்குள் ஒளிந்துகொண்டு சிவப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். கோடு தெரிந்தால் சாமான் குப்பைக்கு. அதே சோதனையை அம்மா குங்குமத்தால் செய்து முடித்திருந்தாள்.

"ரிஜெக்ட்" என்றார் அப்பா.

"அத்தான், இது பெயிண்ட்டுல விட்ட கீறல்" என்றாள் சித்தி. "கழுத்து ஒரு மரம், உடம்பு ஒரு மரம். மழைக்கு ரெண்டும் ஒண்ணு போல ஊதாது. மேல பூசுன பெயிண்ட்டு தாங்காம விட்டுரும். கட்டைக்கு ஒண்ணும் ஆகல."

"கம்பி இழுக்குற எடம்லா அது. உள்ள பாக்காம எப்படிச் சொல்லுத?"

சித்திக்கு மூக்கு சிவந்துவிட்டது. "அப்ப நீங்களே கழட்டிப் பாருங்க. கட்டையில கீறல் இருந்தா நா பாணேருக்குப் போகல. இங்கயே இருந்துக்கிடுதேன்."

அம்மா "நல்ல நாளும் அதுவுமா" என்று ஆரம்பித்தாள். அதற்குள் அப்பா சட்டையை மாட்டிவிட்டார். நான் ஓடிப்போய் சரஸ்வதி படத்தின் முன்னால் நின்று, கட்டை நடுவோடு பிளந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கல்விக் கடவுளிடம் அப்படி ஒரு வேண்டுதலை வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்கூட்டரில் அப்பாவின் பின்னால் கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். பட்டறைக்கு விடுமுறை. ஒவ்வொரு மெஷினுக்கும் சாமந்தி மாலை போட்டிருந்தது. "தஸ்ர்யாலா பண் காம் கா, சாஹேப்?" என்று வாட்ச்மேன் மராத்தியில் கேட்டார். தசராவன்றும் வேலையா என்ற கேள்விக்கு அப்பா சிரித்துவைத்தார்.

கம்பிகளைத் தளர்த்தி, பின்பக்கத்து நான்கு திருகாணிகளையும் கழற்றினார். கழுத்து தனியாக வந்தது. மரத்தில் சாயம் பூசினால் உறிஞ்சிவிடும் என்பதால், லென்ஸையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டார். கழுத்து உட்காருகிற பள்ளத்தை இஞ்ச் இஞ்சாகப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஜன்னலோரம் கொண்டுபோய் வெயிலில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். வார்ப்புச் சாமானைக்கூட அவர் இவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"கீறல் இருக்காப்பா?" என்றேன்.

அவர் பச்சைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். தேறின சாமானுக்குப் பச்சைப் பொட்டு வைப்பது அங்கே வழக்கம். குச்சியால் தொட்டு அந்தப் பள்ளத்துக்குள் ஒரு பொட்டு வைத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருக்கிறது என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, இன்ஸ்பெக்டர் பேச்சை யார் மறுக்கப்போகிறார்கள்? பெயிண்ட் காய்ந்ததும் திருகாணிகளை முடுக்கினார். திரும்பும் வழியெல்லாம் நான் அவர் முதுகில் சாயாமல் கிட்டாரை நடுவில் வைத்துக்கொண்டேன்.

"கட்டை நல்லாருக்கு. பெயிண்ட்டுதான்" என்று சித்தியிடம் கிட்டாரை நீட்டினார்.

"நாந்தான் சொன்னேம்லா அத்தான்" என்று சித்தி சிரித்தாள். சுருதி கூட்டி, அன்றைக்கு வாசிக்க வேண்டிய ஒரு வரிக்குப் பதில் ஒரு முழுப் பாட்டையே வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமை டெம்போ வந்தது. பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டியவர் அப்பா. "மழைக்காலத்துல கிட்டார வெளிய வைக்காத, ஊதிரும்" என்று மட்டும் சொன்னார். நான் மாடியிலேயே நின்று அழுதேன்.

எந்தப் பாசமும் இல்லாமல் பச்சைப் பொட்டை வைத்துவிட்டார் என்று வெகுகாலம் அப்பாவின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. தேறின ஒரு மரக்கட்டையை எதற்காக அவ்வளவு நேரம், அத்தனை தடவை பார்த்தார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. அந்த லென்ஸை வைத்துக்கொண்டு அவரும் என்னைப் போலவே ஒரு கீறலைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.