மழைமானி இருந்த பக்கம்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் ஹட்டனுக்கு எந்தப் பக்கம் எப்போது மழை பிடிக்கும் என்று என்னைவிடத் தெரிந்த ஆள் இந்த மலையில் கிடையாது. ஒற்றை லொறியில் ஆரம்பித்து மூன்று லொறிக்குச் சொந்தக்காரன் ஆனது சும்மா இல்லை.

கொழுந்து ஏற்றத் தேயிலைக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில், மாலை ஐந்து மணிக்குள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும், மூன்று முறை தவறினால் ரத்து என்று இருந்தது. கடும் மழைக்கு மட்டும் விலக்கு. மழையா இல்லையா என்பதைத் தொழிற்சாலை வாசலில் நட்டிருந்த மழைமானிதான் சொல்லும். தொழிற்சாலை மலைக்கு அந்தப்புறம், வட்டகொடைப் பக்கம். தோட்டமோ மலைக்கு இந்தப்புறம், றொசல்லைக்கு மேலே. ஆனி மாதம் இங்கே கொட்டும்போது அங்கே துணி காயும். கொழும்பில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும், "எந்த மழைக்கும் என் லொறி நிக்காது" என்று மார்தட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஆனியில் இரண்டு முறை தவறிவிட்டது. மூன்றாவது முறையும் தவறக் கூடாதென்று அன்றைக்கு நானே ஓட்டினேன். வெளியே போக ஆற்றுப்பாலம் ஒன்றுதான் வழி. இந்தத் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் பொது என்பதால் பழுது பார்க்க யாரும் இல்லை. வழியில் எது நடந்தாலும் லொறிக்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தம் சொன்னது.

மூன்று மணிக்குப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தினேன். தண்ணீர் பலகையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அடியில் பாறை உருளும் சத்தம்.

"என்னா மொதலாளி, எந்த மழைக்கும் நிக்காதுன்னீங்க?" மூட்டை ஏற்றிவிட்டு லொறியிலேயே வந்திருந்த பெண் சிரித்தாள்.

"சும்மா இரு புள்ள."

கம்பெனியின் போக்குவரத்து அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"இங்க வெயில் அடிக்குதுங்க. மழைமானியில ஒரு சொட்டு இல்ல. அஞ்சுக்கு வரலேன்னா நாளைக்கு வேற லொறி."

"வேற லொறியும் இதே பாலத்துலதாங்கய்யா வரணும்."

"கத விடாதீங்க. நானே வந்து பாக்குறேன்."

காத்திருந்தேன். மூட்டைக்குள் கையை விட்டால் கொழுந்து சுட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சிவந்து கெட்டுவிடும். இரண்டு முறை சாவியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தேன்.

நாலு மணிக்கு அக்கரையில் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது.

"தண்ணி கீழதானே போகுது! எடுங்க லொறிய!" என்று கத்தினார்.

"மொதல்ல நீங்க ஜீப்ப ஓட்டிக்கிட்டு வாங்கய்யா! நீங்க வந்து சேந்தா அடுத்த நிமிசம் நான் அந்தப் பக்கம்!"

கோபத்தில் ஏறி உட்கார்ந்து ஜீப்பைக் கிளப்பிவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? முன்சக்கரம் ஏறியதும் பாலம் மொத்தமாக ஆடியது.

"ஐயா, வேணாம்! பின்னால எடுங்க!"

ஜீப் பின்வாங்கியது. எதிரே நின்றுகொண்டே எனக்குப் போன் செய்தார்.

"மழைன்னே எழுதிக்கிறேன்." அடுத்துக் கேட்டார். "மழைமானிய எங்க நடலாம்?"

"இந்தக் கரையிலங்கய்யா."

அன்றைய கொழுந்து முழுவதும் சிவந்து உரக்குழிக்குப் போனது. ஒப்பந்தம் போகவில்லை. மழைமானி இப்போது என் பக்கம் நிற்கிறது. இந்த மலையில் வேறு எந்த லொறிக்காரனுக்கும் அது கிடைத்ததில்லை. பாலத்தை யார் கட்டுவது என்று இரண்டு தோட்டத்தையும் நடத்தும் துரைமார் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை, பாலம் தாங்க வேண்டுமே என்று மூட்டைகளைப் பாதியாகப் பிரித்து, இரண்டு நடையாகக் கடக்கிறேன்.