மூடியில்லாத பல்சக்கரம்

அறுபதுகளில் நான் ஊரிகத்தில் தங்கச் சுரங்க வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தேன். விடுமுறை நாட்களில் கையால் சுற்றி முட்டை அடிக்கும் பீட்டர் ஒன்றை நானே வரைந்து செய்தேன். பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் ஓடி, கீழே இரண்டு கம்பி வளையங்கள் சுழலும். கிறிஸ்துமஸ் கேக்குக்காக பக்கத்து ஆண்டர்சன்பேட்டையில் பத்துப் பெண்கள் ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

பண்டிகை முடிந்து, அவர்களில் ஒருவரான எஸ்தரம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவருடைய இடது ஆள்காட்டி விரலில் நகம் இல்லை.

“இன்னாங்க ஆச்சு?”

“உங்க சக்கரத்துல மாட்டிக்கிச்சு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. “பாத்து சுத்தக் கூடாதாங்க?”

“பால் பொங்குச்சு, திரும்பினேன். அடுப்படியில ஒண்ணையே பாத்துனு நிக்க முடியுங்களா?” என்றார். “மத்த ஒம்போது வீட்டுக்கும் போயி, விரல மேல தூக்கிப் புடிங்கன்னு சொல்லிட்டேன். உங்கள ஒண்ணும் கொற சொல்லல.”

வேலையிடத்தில் மூடியில்லாத சக்கரத்தின் அருகே நான் கையே கொண்டுபோக மாட்டேன். பெண்கள் கையில் கொடுத்ததற்கு மூடி போடத் தோன்றவில்லை.

பத்தையும் திரும்ப வாங்கித் தகர மூடி பொருத்தினேன். எஸ்தரம்மா வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவர் பீட்டரை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“இப்ப சத்தமும் கம்மியா இருக்குதுங்க,” என்றார்.

“ஆமாங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மூடியைப் பொருத்த ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் எனக்குக் கடைசிவரை முடியவில்லை.