நாலரை மணி மிஸ்கோல்

எனக்கு நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். அலாரம் கிடையாது. மழையானாலும் பனியானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் இதில் மாற்றமில்லை. மாத்தளையில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் இதைப் பெரிய சாதனையாகப் பேசிக்கொள்கிறார்கள். சென்ற மாதம் நேர முகாமைத்துவம் பற்றி வகுப்பெடுக்க வந்தவர் என்னை எழுப்பி நிறுத்தி, "இந்த நல்ல பழக்கத்த யாரு பழக்கினாங்க?" என்று கேட்டார். அம்மா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். முழுக்கதையையும் சொல்லப் போயிருந்தால் அந்த மனிதரின் வகுப்பு கெட்டிருக்கும்.

அம்மா குவைத்துக்குப் போனபோது நான் நாலாம் வகுப்பு. பலாபத்வலைக்கு மேலே, கொக்கோவும் மிளகும் போட்ட ஒரு தோட்டத்தின் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அப்பா தம்புள்ளை மார்க்கட்டில் மரக்கறி மூட்டை தூக்கினார். பின்னேரம் லொறியில் ஏறிப் போனால் விடிந்த பிறகுதான் வருவார், வந்த கையோடு படுத்துவிடுவார். நான் பாடசாலைக்குப் போகும்போது அவர் தூக்கத்தில் இருப்பார், நான் திரும்பும்போது புறப்படும் அவசரத்தில் இருப்பார். சட்டையில் வெங்காய வாசம் மட்டும் எனக்காக மிச்சமிருக்கும்.

இரவில் நான் தூங்கியது பக்கத்து வீட்டில், அப்பாவின் அக்காவான அத்தையோடு. அத்தைக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் அத்தையைச் சுற்றிப் படுப்பார்கள், நான் சுவரோரம். அத்தை நல்லவர்தான். எனக்குப் போடும் சோற்றில் ஒரு நாளும் வஞ்சகம் வைத்ததில்லை. ஆனால் நடுத்தூக்கத்தில் பிள்ளைகளுக்குப் போர்வையை இழுத்துவிடும் அந்தக் கை சுவரோரம் வரைக்கும் எட்டாது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அம்மா புறப்படும்போது ஒன்று சொல்லியிருந்தார். "நீ அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணு புள்ள, அம்மா ஓடி வந்துர்றேன்." அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த எந்தத் தாயும் சொல்லக்கூடிய பேச்சு அது. நான் அதை வரிக்கு வரி நம்பினேன். பாஸ் பண்ணினால் அம்மா, இல்லாவிட்டால் சுவரோரம்.

அம்மா வேலை செய்த வீட்டில் என் வயதில் ஒரு பையன் இருந்தான். எழும்புவது முதல் படுப்பது வரை அவனுக்கு ஒரு நேர அட்டவணை அச்சடித்து பிரிட்ஜில் ஒட்டியிருந்தார்களாம். எழுத்து அம்மாவுக்குப் புரியாது, ஆனால் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு படம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா போனில் அந்தப் படங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.

"ஒரு கிளாஸ் தண்ணி இருக்கு. அப்ப எழும்பினதும் தண்ணி குடி. அடுத்ததுல ஓடுறான். நீயும் ஓடு. அதுக்கு அடுத்தது பழச்சாறு." கொஞ்சம் யோசித்தார். "நீ கொய்யாப்பழம் தின்னு."

நாலு மணிக்குரிய படத்தில் பையன் தண்ணீருக்குள் கையை வீசிக்கொண்டிருந்தானாம். அது நீச்சல் என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. எங்கள் லயத்துக்கு இருந்ததோ மலைத் தண்ணீர் வந்து விழும் ஒரே ஒரு பீலி, அதிலும் விரல் தடிப்புக்குத்தான் தண்ணீர் விழும். "பீலியில குளிச்சிரு" என்றார் அம்மா. நான் 'பீலி நீச்சல்' என்று எழுதிக்கொண்டேன்.

பையன் எழும்புவது ஆறு மணிக்கு. எனக்கு மட்டும் அம்மா நாலரை என்றார். அஞ்சு மணிக்குப் போடுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "இல்ல புள்ள, நாலரைதான். நானே எழுப்பிவிடுறேன்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

எழுப்புவது மிஸ்கோலால். நாலரைக்கு என் தலையணைக்கு அடியில் இருக்கும் பட்டன் போன் அடிக்கும். மூன்றாவது ரிங்கில் நான் கட் பண்ண வேண்டும். கட் பண்ணினால் எழும்பிவிட்டேன் என்று அர்த்தம். தூக்கிப் பேசக் கூடாது. லயத்தில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் இப்படி ஒரு ரிங் பாஷை இருந்தது, ஆளுக்கு ஆள் இலக்கணம்தான் வேறு.

முதல் வாரம் ஒழுங்காக எழும்பினேன். அதற்குப் பிறகு கண்ணைத் திறக்காமலே கட் பண்ணக் கற்றுக்கொண்டேன். விரல் தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கும், நான் மறுபடி போர்வைக்குள் சுருண்டுவிடுவேன். அத்தை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். "தூங்குறவங்கள எழுப்பலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவங்கள எழுப்ப ஏலாது" என்று அடுப்படியிலிருந்து சொல்வார். "தொரசாணிக்குப் படுக்கைக்கே தேத்தண்ணி கொண்டாரவா?" வெள்ளிக்கிழமைகளில் அம்மா விசாரிப்பார், தண்ணி குடிச்சியா, ஓடினியா என்று. எல்லாம் செய்கிறேன் என்பேன். அத்தை காட்டிக்கொடுத்ததில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அந்த மூன்று ரிங்கையும் நான் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் கட் பண்ணுவேன். அம்மாவும் அப்போதுதான் எழும்பிக் கொண்டையை முடிந்துகொண்டு நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஊர் உலகம் எல்லாம் தூங்கும்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் விழித்திருக்கிறோம் என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒரு நாளைக்கு எனக்குக் கிடைத்த அம்மா அவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகு ஒரு முறை எனக்குக் காய்ச்சல். அத்தையின் சின்ன மகனுக்கும் அதே காய்ச்சல். எனக்கும் கசாயம் தந்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஆனால் அவன்தான் அவர் மடியில் கிடந்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டே இரவு முழுக்கத் தூங்காமல் சுவரோரம் கிடந்தேன். நாலரைக்குப் போன் அடித்தது. கட் பண்ணவில்லை. தூக்கிவிட்டேன்.

"ஏன் புள்ள தூக்கினே? வையி, வையி." அம்மா கிசுகிசுத்தார். பக்கத்தில் எங்கோ தண்ணீர் விழுந்தது, தட்டுகள் ஒன்றோடொன்று உரசின.

"பேசுங்கம்மா. எனக்குக் காய்ச்சல்."

"மருந்து குடிச்சியா? அத்தைகிட்ட சொல்லு. இப்ப பேச ஏலாது, வையி சாமி."

"வைக்க மாட்டேன். பேசுங்க" என்று நான் பெரிதாக அழத் தொடங்கினேன். "அழாத, அழாத புள்ள, அம்மா இருக்கேன்ல" என்று அவரும் குரலை உயர்த்திவிட்டார். உடனே கதவு திறக்கும் சத்தமும், எனக்குப் புரியாத பாஷையில் ஒரு பெண் அதட்டும் சத்தமும் கேட்டன. போன் நின்றது.

மறுநாள் நாலரைக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வெள்ளிக்கிழமையும் சும்மா வந்து சும்மா போனது. அப்பா ஒரு நாள் தூக்கத்தை விட்டுவிட்டு, அம்மாவை அனுப்பிய ஆளிடம் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். "சுகமாத்தான் இருக்கா. போனத்தான் மேடம் வாங்கி வச்சிக்கிட்டாங்களாம்" என்றார். ஏன் வாங்கினார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். மேடம் கதையெல்லாம் பெரியவர்களுக்கு. ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் நான் போர்வைக்குள் கிடந்ததை அம்மா என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார். இத்தனை மாதம் ஏமாற்றியதும் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு என்மேல் கோபம்.

அன்றிலிருந்து நாலரைக்கு எழும்பினேன். எழுப்ப ஆளில்லாமல் போன பிறகுதான் எனக்கு எழும்ப வந்தது. முதலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவேன். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர். வாசல் பக்கத்து இஸ்தோப்புக் கதவைத் திறந்து இருட்டில் இறங்கி, கோவில் படி வரைக்கும் ஓட்டம். லயத்து நாய் பாதி தூரம் கூட வந்து, இதுக்கு என்னமோ ஆகிவிட்டது என்பதுபோலத் திரும்பிவிடும். அதன்பின் கொய்யாப்பழம், அதன்பின் ஆறு மணி வரைக்கும் கணக்கு. பின்னேரம் பீலி நீச்சல். அட்டவணையில் விளையாட்டு அரை மணி என்றும் இருந்தது. பையனின் படத்தில் பந்தோடு இன்னும் இரண்டு பேர் நின்றார்களாம். எனக்கு யார் இருந்தார்கள்? அத்தையின் பிள்ளைகள் "மணிக்கூடு வருது, மணிக்கூடு வருது" என்று சிரித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். பந்தைச் சுவரில் அடித்து, திரும்பி வந்ததை நானே பிடித்தேன். அரை மணி என்றால் அரை மணி. செய்த ஒவ்வொன்றுக்கும் நேராகச் சரி போட்டேன். எனக்கு அம்மா வேண்டும் போலிருந்தது, வேறு ஒன்றுமில்லை.

புள்ளிகள் ஏறத் தொடங்கின. இரண்டு மாதத்தில் மாதிரிப் பரீட்சையில் முதலாவதாக வந்தேன். வகுப்பு டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. காலைக் கூட்டத்தில் என்னை முன்னால் நிறுத்தி, நேரத்தை எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார். நான் கலண்டர் தாளில் உள்ளதை அப்படியே ஒப்பித்தேன். நீச்சல் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள்.

"வெள்ளன நாலரைக்கு யாரு எழுப்புறது?" என்று டீச்சர் கேட்டார்.

"அம்மா, டீச்சர். தெனமும் நாலரைக்குக் குவைத்திலேருந்து ரிங் குடுப்பாங்க." போன் ஊமையாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால் அவ்வளவு பேருக்கு முன்னால் அம்மாவை விட்டுக்கொடுக்க முடியுமா? "எனக்கு முந்தியே அம்மா எழும்பிருவாங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

டீச்சரின் தங்கையும் குவைத்தில்தான் வேலை செய்தார். கை தட்டச் சொல்லத் தூக்கிய கையை டீச்சர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு என் தலையில் கையை வைத்து, "போ புள்ள, போய் நில்லு" என்றார். பொய் பிடிபட்டுவிட்டது என்று நினைத்து அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்காமலே இருந்தேன்.

ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணினேன். அம்மா வந்தது அதற்கு அடுத்த வருஷம், அக்ரிமென்ட் முடிந்த பிறகு. என் பாஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

மணிக்கூட்டுக் கணக்கில் நான் அப்போதே கெட்டிக்காரி. எந்த ரயில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று வாயாலேயே சொல்லிவிடுவேன். குவைத் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் என்பதும் காதில் விழுந்ததுதான். அந்த ஒரு கழித்தலை மட்டும் நான் செய்து பார்க்கவேயில்லை. நாலரையில் இரண்டரை போனால் இரண்டு. அங்கே அப்போது இரவு இரண்டு மணி. அந்த நேரத்தில் வேலைக்காரி அடுப்படியில் சத்தமாகப் பேசினால் எந்த வீட்டுக்காரிதான் எழும்பி வரமாட்டாள்? அம்மா எனக்காக எழும்பி நிற்கவில்லை. கடைசித் தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, படுக்கப் போகும் முன் எனக்கு மூன்று ரிங் கொடுத்திருக்கிறார். நான் கட் பண்ணியதும், பிள்ளை எழும்பிவிட்டாள் என்ற நிம்மதியோடு படுத்திருக்கிறார். நான் அவரை ஏமாற்றிய அத்தனை மாதமும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் கண்ணை மூடியிருக்கிறோம்.